பதிவேட்டில் இருக்கும் பெயர்

சல்தனத் டீச்சர் எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று பக்கத்து வீட்டு ஜூராகான் செய்த முதல் காரியம், ரொட்டியை வாசலுக்குக் கொண்டுபோனது. எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வந்தவரை ரொட்டி பிட்டு வாயில் போடாமல் திருப்பி அனுப்பக் கூடாது. அதற்காக ஆளை உள்ளே கூப்பிட்டு, விரிப்பு விரித்து, பால் ஊற்றிய டீ கொடுத்து உட்காரவைத்தால் பேச்சு வளரும். ஜூராகானுக்கு அந்தப் பேச்சுதான் வேண்டாம். முழு ரொட்டியைத் தட்டில் வைத்து இரும்புக் கதவுக்கு வெளியே நீட்டிவிட்டாள். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, டீச்சர் காலும் உள்ளே படவில்லை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் தக்காளி பறித்துக்கொண்டிருந்த நான், இவள் சாமர்த்தியக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பிட்டுக்குங்க டீச்சர். அடுப்புல பால் இருக்கு, பொங்கிரும்."

"உள்ள உக்காந்து பேசலாமா அக்கா? பத்து நிமிஷம் போதும். பெகிமாய் அஞ்சாவதுக்கு வர்றால்ல, நான்தான் வகுப்பு டீச்சர்."

"வர்றா, தெரியும். இங்கயே சொல்லுங்க."

டீச்சர் ரொட்டியின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கையிலிருந்த நோட்டைத் திறந்தார். முப்பது வயதுதான் இருக்கும். பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நோட்டைக் கண்டதுமே ஜூராகானின் கழுத்து விறைத்தது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

"பொண்ணு எங்க உக்காந்து படிப்பா?"

"வீட்டுல."

"வீட்டுல எந்த இடத்துல?"

"உள்ள."

"காலைல தானா எந்திரிப்பாளா, நீங்க எழுப்பணுமா?"

"எந்திரிப்பா."

"எதுக்காவது பயப்படுவாளா அக்கா?"

"எங்க வீட்டுல யாரும் எதுக்கும் பயப்படறதில்ல."

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "அப்புறம், பிறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு வேணும். எல்லாப் பிள்ளைங்க கோப்புலயும் இருக்கு. பெகிமாயோடது மட்டும் காணோம்."

"பால் பொங்குது டீச்சர்," என்று ஜூராகான் கதவைச் சாத்தினாள்.

அவள் பசு அப்போது ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. அடுப்பு காலையிலிருந்து பற்றவைக்கப்படவே இல்லை.

எனக்கு விஷயம் தெரியும். எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூராகானுக்கும் பெய்ஷெனுக்கும் ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. பெய்ஷெனின் தங்கை நாசிரா பெற்றாள். அவளைக் கட்டிய தாலாந்த், பிள்ளை பிறந்த வருஷமே எங்கோ போய்விட்டான். நாசிரா ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் ஏழு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து அண்ணிக்காரி மடியில் போட்டாள். மடியில் போட்டால் பிள்ளை அவளுடையது, அவ்வளவுதான். சான்றிதழில் பெயரை மாற்ற நாசிரா ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான்கூட அப்போதே சொன்னேன். "கூடப் பிறந்தவங்களுக்குள்ள பேப்பரா? அவ என்ன நினைப்பா?" என்று பெய்ஷென் கூசிப்போனான். மடியில் போட்டுக் கொடுத்த பிள்ளைக்குக் கையெழுத்துக் கேட்டால், நீ நாளைக்கு வந்து பிடுங்கிக்கொண்டு போவாய் என்று சொன்ன மாதிரி ஆகும். எங்கள் ஆட்கள் இப்படித்தான். வெட்கத்துக்குப் பயந்து பெரிய வேலையைத் தள்ளிப்போடுவோம்.

அதனால் காகிதத்தில் அவள் இன்னும் 'தாலாந்தின் மகள் பெகிமாய்'. முதல் நான்கு வகுப்பும் ஒரே அறை, ஒரே டீச்சர். உம்சுனாய் டீச்சர் எங்கள் ஊர்க்காரி. 'பெய்ஷென் மகள்' என்றே கூப்பிட்டு, காகிதத்தைக் கோப்பிலும் வைக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார். அந்த வருஷ வசந்தத்தில் அவர் ஓய்வு பெற்றார். ஐந்தாவதிலிருந்து கணக்குக்கு ஒருவர், ரஷ்ய மொழிக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர். மணி அடித்தால் பிள்ளைகள்தான் அறை அறையாக ஓட வேண்டும். எத்தனை டீச்சர், எத்தனை பதிவேடு, எத்தனை வாய்.

முதல் நாளே அரசுப் பட்டியலில் உள்ளபடி, அப்பா பெயரோடு முழுப் பெயரையும் சத்தமாகப் படிப்பார்கள். பெகிமாய் எழுந்து "நான் பெய்ஷென் மகளாச்சே" என்பாள். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்பதுதான் ஜூராகானின் பயம். அதை எண்ணி அவள் ஆகஸ்ட் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

பீன்ஸ் பிடுங்குகிற நேரம் அது. முன்பட்ட ரகம் இலை மஞ்சளாகிக் காய் வெளுத்துவிட்டது. பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கை பட்டதும் காய் வெடித்து விதை மண்ணில் கொட்டிவிடும். என் வயலும் அவர்கள் வயலும் ஒட்டியே இருக்கின்றன. இன்று எனக்கு அவர்கள், நாளை அவர்களுக்கு நான் என்று மாற்றி மாற்றிப் பிடுங்குவோம். குனிந்தபடியே பேசிக்கொள்வோம். ஜூராகான் அந்த வருஷம் பேசியதெல்லாம் டீச்சரைப் பற்றித்தான்.

"ஏங்க்கா, எந்த டீச்சராவது பொண்ணு எதுக்குப் பயப்படுவான்னு கேப்பாங்களா?"

"எங்கிட்டயும்தான் கேட்டாங்க. எம் பொண்ணு ஜிபெக் எதுக்கும் பயப்பட மாட்டா, எல்லாரும்தான் அவளுக்குப் பயப்படணும்னு சொல்லிட்டேன்."

"உங்ககிட்ட சான்றிதழ் கேட்டாங்களா?"

"அது கோப்புல இருக்கே."

"அதான் சொல்றேன். எங்கிட்ட மட்டும் கேக்கணும்னே வந்தா. மத்ததெல்லாம் சும்மா மேல்பூச்சு."

பெய்ஷென் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றபடி, "அந்தப் பொண்ணு எல்லா வீட்டுக்கும்தான் போகுது. நம்மள மட்டும் பிடிக்க வர அவ என்ன போலீஸா?" என்றான்.

"நீங்க பேசாதீங்க. நீங்க அன்னைக்கு வெக்கப்படாம இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு இந்தக் கதி இல்ல."

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மடைக்குப் போனான். நல்ல மனிதன். சண்டை வரும் போலிருந்தால் தண்ணீர் பார்க்கப் போய்விடுவான்.

நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. டீச்சரின் நாத்தனார் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்று சந்தையில் கேள்விப்பட்டதைச் சுடச்சுடக் கொண்டுவந்து ஜூராகானிடம் கொட்டினேன். கார்டியன் பேப்பர் இல்லாத பிள்ளைகளை அந்த அலுவலகம் பட்டியல் எடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"போன வாரம் நாசிரா போன் பண்ணினா," என்றாள். "பெகிமாய் எந்த வகுப்பு, டீச்சர் யாருன்னு கேட்டா."

"ஐயோ."

"வருஷா வருஷம் கேக்கறவதான், பிள்ளைக்கு அத்தை கேக்கக் கூடாதான்னு இவரு சொல்றாரு. ஆனா டீச்சர் பேரு எதுக்கு அவளுக்கு?"

இரண்டும் இரண்டும் சேர்ந்து எங்களுக்கு ஐந்தாகிவிட்டது. நாசிரா பிள்ளையைத் திரும்பக் கேட்கிறாள். நாத்தனார் வழியாக டீச்சரை ஏவிவிட்டிருக்கிறாள். டீச்சர் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். கதை முழுதாகக் கூடிவந்துவிட்டது. அதில் ஓட்டை இருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அதற்குள் டீச்சர் இன்னொரு வேலை செய்தார். ஐந்தாவதுக்கு வரும் பிள்ளைகளைப் பள்ளி திறக்கும் முன்பே மூன்று நாள் கூப்பிட்டார். ஜிபெக் வந்து சொன்னாள்: காலி பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கைமணியை ஆட்டி, "இப்ப கணக்கு!" என்றால் எல்லோரும் பன்னிரண்டாம் அறைக்கு, "இப்ப ரஷ்யன்!" என்றால் மாடி ஏறி ஏழாம் அறைக்கு. போன வருஷம் ஒரு பிள்ளை அறை தெரியாமல் தாழ்வாரத்தில் அழுதுகொண்டே ஒரு பாட நேரம் முழுக்க நின்றதாம். அதற்காகத்தானாம் இந்தப் பயிற்சி. கால அட்டவணையைப் பார்த்து முதல் நாள் சாயங்காலமே பையை அடுக்கவும் சொல்லிக் கொடுத்தாராம்.

"காலி பள்ளிக்கூடத்துல ஓடிப் பழகறதா?" என்று ஜூராகான் என்னைப் பார்த்தாள். "யாருக்குக் காது குத்தறாங்க?"

மூன்றாம் நாள் ஜிபெக் கொண்டுவந்த சேதிதான் தீ வைத்தது. புது வகுப்பில் எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எல்லோரையும் பெயர் போடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னாராம். தாள்களையெல்லாம் காலி டீத்தூள் டப்பாவில் போட்டாராம். வீட்டுக்குக் கிளம்பும்போது பெகிமாயை மட்டும் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாராம்.

"என்ன பேசுனாங்கடி?"

"தெரியலம்மா. கிட்டப் போனேன், நிறுத்திட்டாங்க."

"நீ என்ன எழுதுன?"

"அது ரகசியம்."

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கால்வாய் தாண்டினேன். ஜூராகான் பெகிமாயைக் கேட்டாள். அவள் பீன்ஸ் கட்டுகளைக் குவித்துக்கொண்டே, "சும்மாதாம்மா, பாடத்தப் பத்தி," என்றாள். பதினொரு வயதுப் பெண், நல்ல உயரம். பொய் சொன்னால் காது சிவக்கும். சிவந்தது.

மறுநாள், முப்பத்தொன்றாம் தேதி, ஜூராகான் முகத்தைக் கழுவி, சந்தைக்குக் கட்டும் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினாள். "வாங்கக்கா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

பள்ளியில் பெயிண்ட் நெடி மூக்கைத் துளைத்தது. எங்கள் பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியில் டீச்சர்கள்தான் தரைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பன்னிரண்டாம் அறையில் சல்தனத் டீச்சர் கணவனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, முட்டிபோட்டுச் செங்காவி நிறத்தில் பலகை பலகையாக அடித்துக்கொண்டிருந்தார். பாதி அறை முடிந்திருந்தது.

"டீச்சர், எம் பொண்ண தொக்தோகுல் ஊர்ல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பறேன். அங்கயே படிக்கட்டும். அவ கோப்பக் குடுங்க."

டீச்சர் தூரிகையை டப்பா மேல் வைத்தார். "ஏன்க்கா? அவ இங்க படிக்கத்தான ஆசப்படறா?"

"அவ ஆச உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள யாரு அனுப்புனா, அதச் சொல்லுங்க. நாசிராவா? உங்க நாத்தனாரா?"

"நாசிரா யாருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"சத்தியமாத் தெரியாது. என் நாத்தனார் சமூகநல ஆபீஸ்ல இருக்காங்க, அது உண்மதான். அவங்க எங்கிட்ட முகம் குடுத்துப் பேசியே ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு அவங்க உதவி பண்றாங்கன்னு யாராவது சொன்னா எங்க வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க."

எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஜூராகானுக்கு வரவில்லை.

"அப்ப எம் பொண்ணுகிட்டத் தனியா என்ன பேசுனீங்க?"

"அத நான் சொல்ல முடியாது அக்கா. அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பதினோரு வயசுப் பிள்ளைக்கும் உங்களுக்கும் என்ன ரகசியம்? நான் அவளப் பெ..." ஜூராகான் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பொய்யை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "நான் அவ அம்மா," என்றாள்.

"யாரு இல்லன்னு சொன்னா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அவகிட்டயே பேசுங்கக்கா. எங்கிட்ட வேண்டாம்."

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், நான் ஜன்னல் திட்டில் இருந்த டீத்தூள் டப்பாவைப் பார்த்துவிட்டேன். கை தானாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். நான்தான் போனேன், நான்தான் திறந்தேன், உள்ளே இருந்த தாள்களை ஒரு பிடி அள்ளிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கால்வாய் ஓரம் நெட்டிலிங்க மரத்தடியில் வந்ததும் எடுத்துக் காட்டினேன். ஜூராகான் என்னைத் திட்டவில்லை. "படிங்க. நான் கண்ணாடி எடுத்துட்டு வரல," என்றாள்.

முதல் தாள்: 'மாடிக்குப் போகும்போது பெரிய பையன்கள் தள்ளுவார்கள்.' அடுத்தது: 'எங்க அம்மா என் பையைத் தினமும் நோண்டிப் பார்ப்பார்கள். ஐந்தாவதிலும் பார்ப்பார்கள்.' கையெழுத்து என் மகள் ஜிபெக்குடையது. அதை மடித்து அடியில் வைத்துவிட்டேன். மூன்றாவது தாளில் எழுத்து குண்டு குண்டாக, கோடு தாண்டாமல் இருந்தது. ஜூராகான் எட்டிப் பார்த்து, "அவளோடதுதான்," என்றாள். நான் சத்தமாகப் படித்தேன்.

'டீச்சர், முதல் நாள் கூப்பிடும்போது என் பெயரை மட்டும் முழுசாகப் படிக்காதீர்கள். அதில் வேறு அப்பா பெயர் இருக்கும். மூன்றாவது படிக்கும்போது தடுப்பூசி போட வந்த அக்கா பட்டியலைப் பார்த்துப் படித்தார்கள். அப்போதிலிருந்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மா முதல் நாள் கதவுப் பக்கத்தில்தான் நிற்பார்கள். கேட்டால் நான் போய்விடுவேன் என்று நினைத்து அழுவார்கள்.'

திரும்பப் படி என்று அவள் சொல்வாளோ என்று பயந்தேன். ஜூராகான் கால்வாய்க் கரையில் அப்படியே உட்கார்ந்தாள். செருப்பு ஒன்று தண்ணீரில் நனைந்தது, அவள் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷமா," என்றாள். "அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் அவளக் காத்துட்டிருக்கேன். அவ என்னக் காத்துட்டிருந்திருக்கா."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன். நாத்தனார் கதையைச் சந்தையிலிருந்து சுமந்து வந்த வாய் இது. அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது.

"போய் வச்சிட்டு வாங்க. எடுத்த இடத்துலயே வையுங்க."

நான் போனபோது டீச்சர் கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரப் பெயிண்டின் மேல் ஜன்னல்வரை போய்த் திரும்பிய காலடிகள் வரிசையாக இருந்தன. பெரிய கால், இடது பாதம் சாய்ந்த நடை. ஊரில் அப்படி நடப்பவள் நான் ஒருத்திதான். நான் தாள்களை நீட்டினேன்.

"கோப்பு வேணுமாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். நாளைக்கு வருவா."

"சரி. இந்தத் தூரிகையப் பிடிங்க. நீங்க மிதிச்சத நீங்களே அடிங்க."

அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை ஜிபெக்கைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜூராகான் பெகிமாய்க்கு இரட்டைப் பின்னல் போட்டு வெள்ளை ரிப்பனில் பெரிய பூ வைத்து முடித்திருந்தாள். பெய்ஷென் சவரம் செய்து, சட்டை மாற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் குவளையில் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ராத்திரி அவனுக்குச் சொல்லியிருப்பாள் போல. தண்ணீர் பார்க்கப் போகாமல் வீட்டிலேயே இருந்தான்.

ஜூராகான் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பச்சைக் காகிதத்தை எடுத்துப் பெகிமாயின் கையில் கொடுத்தாள்.

"டீச்சர் கேட்டாங்க. நீயே கொண்டுபோய்க் குடு."

பெகிமாய் வாங்கிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"இத நான் பாக்கலாமா?"

"உன்னோடதுதான. பாரு."

அவள் பிரித்தாள். உதடு அசைய ஒருமுறை படித்தாள். மடிப்பு மாறாமல் மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்தாள். ஜிபெக்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள், அது என் வீட்டில் நடக்காத காரியம்.

"அழுதீங்களாம்மா?"

"இல்ல. பீன்ஸ் தூசி."

"பீன்ஸ் அடிக்க இன்னும் பத்து நாள் இருக்கே. இப்பத்தான பிடுங்கியே போட்டிருக்கோம். தூசி எங்கேர்ந்து வந்துச்சு?"

ஜூராகானுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ரிப்பன் கசங்குதும்மா," என்று அவள் உள்ளிருந்து சொன்னாள். ஆனால் விலகவில்லை.

பள்ளி மைதானத்தில் வரிசை, பாட்டு, பேச்சு எல்லாம் முடிந்து பிள்ளைகள் பன்னிரண்டாம் அறைக்குப் போனார்கள். முன்பே ஓடிப் பழகியிருந்ததால் ஒரு பிள்ளையும் வழி தவறவில்லை. பெய்ஷென் தாழ்வாரத்தில் நின்றுகொண்டான். நாங்கள் அம்மாக்கள் கதவருகே கூடினோம். டீச்சர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். ஜூராகானை ஒருமுறை பார்த்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் வழி வைத்திருந்தார்.

"இன்னைக்கு நான் பேர் படிக்கப் போறதில்ல. உங்க பேர நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க. எந்தப் பேர்ல கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்குமோ அதச் சொல்லுங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜிபெக் கத்திச் சொன்னாள், பின்வரிசை சிரித்தது. அடுத்தது பெகிமாய். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பெய்ஷென் மகள் பெகிமாய்."

டீச்சர் தலையசைத்து, உட்காரலாம் என்று கை காட்டினார். அவள் உட்காரவில்லை. கணக்கு நோட்டிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தாள். கதவருகே ஜூராகான் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"பதிவேட்டுல வேற மாதிரி இருக்கும் டீச்சர். இனிமே நீங்க அதச் சத்தமாப் படிச்சாலும் பரவால்ல," என்றாள் பெகிமாய். "எங்கம்மாவுக்குத் தெரியும்."